ஜாவேல் தண்ணீரும் குளத்து மீனும்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழிப் பள்ளியில் படித்தபோது ரசாயனப் பாடத்தில் 'ஓ தெ ஜாவேல்' என்று ஒன்று வரும். ஜாவேல் அன்று பாரிசை ஒட்டிய சிற்றூர். 1785 வாக்கில் பெர்தொலே என்ற அறிஞர், குளோரின் துணியை வெளுக்கும் என்று காட்டினார். ஜாவேலில் அந்தத் தண்ணீரைத் தயாரித்து விற்றார்கள். ஆனால் வைக்க வைக்க வீரியம் போய்விடும். 1799இல் கிளாஸ்கோவின் டெனன்ட், நீற்றிய சுண்ணாம்பில் குளோரினை ஏற்றித் தூளாக்கினார். அதுதான் நம் பிளீச்சிங் பவுடர். அந்தக் குளோரினும் உப்பிலிருந்து வருவதே. மரக்காணம் உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது அந்நியமல்ல.

தூளும் முழுக்க நிலையானதல்ல. ஈரமும் வெயிலும் பட்டால் குளோரின் பறந்துவிடும். இதை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன்.

1980களில் வானூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் வாந்திபேதி பரவியது. நான் அப்போது ஓர் அலுவலகத்தில் எழுத்தர், பெயர் வேண்டாம். இருப்பிலிருந்தவை பழைய மூட்டைகள். குடிநீர்க் குளத்தில் போட்டும் சோதனையில் மஞ்சள் நிறம் வரவில்லை. அளவை இரட்டிப்பாக்கச் சொன்னார்கள், பதிவேட்டில் எழுதினேன். அடுத்த வாரம் புது மூட்டைகள் வந்தன. பதிவேட்டு அளவை நான் மாற்றவில்லை. மறுநாள் காலை குளம் நிறைய மீன் வயிறு தெரிய மிதந்தது.

மீன் குத்தகை எடுத்திருந்த பெரியவர் கேட்டார்: "ஐயா, நாம குடிக்கிற தண்ணிக்குப் போட்டது மீனுக்கு விஷமாங்களா?" பதில் சொல்லத் தெரியவில்லை. நஷ்டஈடும் கிடைக்கவில்லை.

பதில் பின்னாளில் படித்துத் தெரிந்தது. நம் குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்ச வேண்டும் என்கிறது இந்தியத் தரநிர்ணயம். 1985இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை நன்னீர் உயிர்களுக்கு வைத்த ஒரு மணி நேர வரம்போ 0.019 மில்லிகிராம், உப்பு நீரில் 0.013. நமக்கு வயிற்றுக்குள் போய் அழியும் குளோரின், மீனின் செவுளை நேரே அரிக்கிறது.

இந்த நஞ்சை அளப்பதும் எளிதல்ல. காலையில் தொட்டியில் விட்டது மாலைக்குள் சேற்றிலும் பாசியிலும் கரைந்து காணாமல் போகும். போட்ட அளவை நம்பினால் கணக்கு தப்பும். ஆகவே ஆய்வுக்கூடத்தில் மருந்து கலந்த நீரைத் தொடர்ந்து ஓடவிட்டு, மிஞ்சியதை அடிக்கடி அளக்கிறார்கள்.

நான் எழுதியது போட்ட அளவு. எழுதியிருக்க வேண்டியது மிஞ்சிய அளவு. இன்றும் கழுவேலிப் பக்கம் இறால் குட்டைகளைக் காணும்போது அந்தப் பெரியவரின் கேள்விதான் காதில் விழுகிறது.