தன்னிடம் இல்லாததை விற்க முடியுமா? – செல்லாத பட்டங்களின் கதை



போன விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது பெரியம்மா மகள் அக்கா ஒரு நோட்டீசைக் கொண்டுவந்து நீட்டினாள். பஸ் ஸ்டாண்டில் யாரோ கொடுத்ததாம். "ஒரே வருடத்தில் டிகிரி. வயது தடையில்லை. வகுப்புக்கு வர வேண்டாம். அரசு வேலைக்குச் செல்லும்." கீழே ஒரு செல்போன் நம்பர். பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை!

எங்கள் ஊர் பிக்கட்டி. நீலகிரியில் மஞ்சூர் பக்கம். (வெளியூரில் யாராவது கேட்டால் "ஊட்டி" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வோமே, அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் நான்.) அக்கா பிளஸ் டூ முடித்தவள். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். டிகிரி இருந்தால் சம்பளம் உயரும். அதற்காகப் பெரியப்பா பச்சைத் தேயிலை விற்ற பணத்தில் 28,000 ரூபாய் எடுத்து வைத்திருந்தார்.

"நீதான் காமர்ஸ் படிக்கிறியே, இது செல்லுமா செல்லாதா, சொல்லு" என்றாள்.

ஙே என்று விழித்தேன். மூன்று வருடமாகப் படிக்கிறேன், என் பட்டம் ஏன் செல்லும் என்பதே எனக்குச் சரியாகத் தெரியாது! அதன் பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வணிகச் சட்டப் பாடம்

பி.காம். படிக்கும் நண்பர்களுக்கு 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் நினைவிருக்கும். அதன் 27-ஆம் பிரிவு சொல்வது இதுதான்: விற்பவனுக்கு ஒரு பொருளில் என்ன உரிமை இருக்கிறதோ, அதைவிட அதிகமான உரிமை வாங்குபவனுக்குக் கிடைக்காது. திருட்டு சைக்கிளை நீங்கள் முழு விலை கொடுத்து, நல்ல எண்ணத்தோடு வாங்கியிருக்கலாம். சொந்தக்காரன் வந்தால் சைக்கிள் அவனுக்குத்தான். (விதிவிலக்குகள் உண்டு, பரீட்சைக்கு அதையும் படியுங்கள்!)

பட்டமும் அப்படித்தான். பட்டம் கொடுக்கும் அதிகாரம் இல்லாத நிறுவனம் எவ்வளவு நல்ல காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்தாலும் உங்கள் கைக்கு வருவது காகிதம்தான். நீங்கள் ராத்திரி பகலாகப் படித்தீர்களா, பரீட்சை எழுதினீர்களா என்பதெல்லாம் அடுத்த கேள்வி.

இதை மனதில் வைத்துக்கொண்டு வரலாற்றுக்கு வருவோம்.

1916-இலேயே இருந்த பிரச்சினை

இது கம்ப்யூட்டர் காலத்து மோசடி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தொடங்கியது. அதன் பிறகு டிகிரிக்கு நம் ஊரில் வந்த மரியாதை உங்களுக்கே தெரியும். மரியாதை வந்தால் போலியும் வருமே! முதலில் உறுத்தியது மருத்துவப் பட்டங்கள்தான். அனுமதி இல்லாத அமைப்புகள் ஆங்கில மருத்துவப் பட்டம் கொடுப்பதைத் தடுக்க வெள்ளைக்கார அரசு 1916-இல் இந்திய மருத்துவப் பட்டங்கள் சட்டத்தைக் கொண்டுவந்தது. மீறிப் பட்டம் கொடுத்தால் 1000 ரூபாய் வரை அபராதம்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1956-இல் யு.ஜி.சி. சட்டம் வந்தது. அதன் 22-ஆம் பிரிவுதான் அக்காவின் கேள்விக்கு விடை. பட்டம் கொடுக்கும் உரிமை மூன்று பேருக்கு மட்டும்: நாடாளுமன்றமோ சட்டமன்றமோ சட்டம் போட்டு உருவாக்கிய பல்கலைக்கழகம், 3-ஆம் பிரிவின்படி அறிவிக்கப்பட்ட நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனம். 23-ஆம் பிரிவின்படி மற்றவர்கள் "பல்கலைக்கழகம்" என்ற சொல்லைப் பெயரில் வைத்துக்கொள்ளவே கூடாது.

சரி, மீறினால்? 24-ஆம் பிரிவு. அபராதம் 1000 ரூபாய் வரை. 40 வருடம் கழித்தும் அதே 1000 ரூபாய்! 1916-இல் அந்தப் பணத்துக்கு நிலம் வாங்கியிருக்கலாம். இன்று ஒரு மாணவனிடம் வாங்கும் முன்பணம்கூட அதைவிட அதிகம். லாபம் லட்சக்கணக்கில், அபராதம் ஆயிரத்தில் என்றால் எந்த வியாபாரி பயப்படுவான்? நீங்களே சொல்லுங்கள்.

அதனால் யு.ஜி.சி. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை வெளியிட்டு மாணவர்களை எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. அதில் பல வருடமாக இடம் பிடித்த ஒரு பெயர், டெல்லி தரியாகஞ்சில் உள்ள "கமர்ஷியல் யுனிவர்சிட்டி லிமிடெட்". பெயரிலேயே வியாபாரம் என்று சொல்லிவிட்டார்கள், பாராட்டத்தான் வேண்டும்!

ஒரே மாநிலத்தில் 112

இதுவரை பார்த்தது சட்டத்தை மீறியவர்கள். சட்டமே வழி திறந்துவிட்டால் என்ன ஆகும்?

சத்தீஸ்கர் மாநிலம் 2000-இல் பிறந்தது. 2002-இல் அந்த மாநிலம் தனியார் பல்கலைக்கழகங்களுக்காக ஒரு சட்டம் போட்டது. அரசிதழில் ஓர் அறிவிப்பு வந்தால் போதும், பல்கலைக்கழகம் தயார்! இப்படி 112 பல்கலைக்கழகங்கள் கிளம்பின. பலவற்றுக்குக் கட்டிடம் இல்லை, நூலகம் இல்லை, ஆசிரியர் இல்லை.

இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர் பேராசிரியர் யஷ் பால். விஞ்ஞானி, யு.ஜி.சி.யின் முன்னாள் தலைவர். 2005 பிப்ரவரி 11-இல் தீர்ப்பு வந்தது. அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகள் செல்லாது, அவற்றின்படி உருவான பல்கலைக்கழகங்களும் இல்லை. ஒரே நாளில் 112-ம் காலி!

உள்ளே படித்துக்கொண்டிருந்த மாணவர்கள்? அவர்கள் படிக்கும் நிறுவனங்களை ஏற்கெனவே இருக்கும் மாநிலப் பல்கலைக்கழகங்களோடு இணைக்க அரசு நடவடிக்கை எடுக்கலாம் என்று நீதிமன்றம் சொன்னது. நிறுவனம் என்று ஒன்று நிஜமாக இருந்தால் இணைக்கலாம். பலகை மட்டும் இருந்தால் எதை இணைப்பது?

நம்ம ஊர்க் கதை

"அது எங்கேயோ வடக்கே" என்கிறீர்களா? சேலத்துக்கு வருவோம்.

2001-இலிருந்து சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைதூரக் கல்வியில் பொறியியல் பட்டம் கொடுத்தன. டிப்ளமோ முடித்து வேலையில் இருப்பவர்களுக்கு அது பெரிய வரம். வேலையை விடாமல் பி.டெக்., அப்புறம் பதவி உயர்வு. ஒடிசாவின் நீர்ப்பாசனக் கழகம் ஒன்றில் இப்படிப்பட்ட பட்டத்துக்குப் பதவி உயர்வு உண்டா என்று எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2017 நவம்பர் 3-இல் தீர்ப்பு. அதில் வந்த நான்கு நிறுவனங்கள்: உதய்பூரின் ஜே.ஆர்.என். ராஜஸ்தான் வித்யாபீடம், ராஜஸ்தான் சர்தார்ஷஹரின் ஐ.ஏ.எஸ்.இ., அலகாபாத் வேளாண் நிறுவனம், நம் சேலத்தின் விநாயகா மிஷன்ஸ் ரிசர்ச் பவுண்டேஷன்.

கவனியுங்கள், இவை போலிப் பல்கலைக்கழகங்கள் அல்ல. முறைப்படி அறிவிக்கப்பட்ட நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். ஆனால் தொலைதூரப் பொறியியல் படிப்புக்குத் தேவையான அனுமதி படிப்பைத் தொடங்கும்போது இல்லை. பல வருடம் கழித்து, பின்தேதியிட்டது போல ஒப்புதல் கொடுத்தார்கள். அந்தப் பின்னால் வந்த ஒப்புதல் செல்லாது என்றது நீதிமன்றம்.

2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. ஏ.ஐ.சி.டி.இ. நடத்தும் தேர்வில் பாஸானால் திரும்பக் கிடைக்கும். அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டம் ரத்து! கட்டணத்தைத் திருப்பித் தரவும், சி.பி.ஐ. விசாரிக்கவும் உத்தரவானது. வேலையில் இருப்பவர்கள் தேர்வு முடிவு வரும்வரை பதவியில் தொடர 2018 ஜனவரியில் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது, அதுவும் 2001–2005 ஆட்களுக்கு மட்டும்.

நினைத்துப் பாருங்கள். 2001-இல் 25 வயதில் சேர்ந்தவருக்கு 2018-இல் 42 வயது. பிள்ளை பிளஸ் டூ பரீட்சைக்குப் படிக்கும் வீட்டில் அப்பாவும் பரீட்சைக்குப் படிக்க வேண்டும். கட்டணம் திரும்பி வரலாம். அந்தப் பதினேழு வருடத்தை யார் திருப்பித் தருவார்கள்?

நிஜமான பல்கலைக்கழகம், ஆனாலும்...

இன்னொன்று நமக்கு இன்னும் பக்கம். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-இல் தொடங்கியது. அதன் பெயரை யாரும் சந்தேகப்பட முடியாது. அங்கே திறந்தவெளி முறையில், இளங்கலை படிக்காமலே நேராக எம்.ஏ. சேர ஒரு காலத்தில் வழி இருந்தது. அப்படி வாங்கிய ஒரு முதுகலைப் பட்டம் பணிக்குச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2009 பிப்ரவரியில் சொன்னது. முதல் பட்டம் இல்லாமல் இரண்டாம் பட்டம் நிற்காது என்பது அதன் சாரம். அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு அரசாணை 107-ஐ வெளியிட்டது. பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் படிக்காமல் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டம் அரசு வேலைக்கு ஏற்கப்படாது. இன்றும் டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பில் பத்து, பிளஸ் டூ, டிகிரி என்ற வரிசையைக் கேட்கிறார்களே, அதன் பின்னணி இதுதான்.

நான் கற்றுக்கொண்டது

இந்தக் கதைகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரிகிறது. பட்டம் மூன்று இடத்தில் உடையலாம். கொடுப்பவருக்கே அதிகாரம் இல்லாமல் போகலாம். அதிகாரம் இருந்தும் அந்தப் படிப்புக்கு, அந்த வருடத்துக்கு அனுமதி இல்லாமல் போகலாம். எல்லாம் இருந்தும் சேர்ந்தவர் ஏறி வந்த படி தவறலாம். எங்கே உடைந்தாலும் அடிபடுவது மாணவன்தான். திருட்டு சைக்கிள் வாங்கியவன் போல.

அதனால் பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை மூன்றே மூன்று:

1. பட்டச் சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் வரும்? அது யு.ஜி.சி. பட்டியலில் இருக்கிறதா? (ஸ்டடி சென்டரின் பெயர் கணக்கில் வராது.)

2. நான் சேரும் இந்த வருடத்தில், இந்தப் படிப்பை, இந்த முறையில் நடத்த அனுமதி உண்டா? தொலைதூரக் கல்விக்கு யு.ஜி.சி.யின் இணையதளத்தில் வருடவாரியாகப் பார்க்கலாம். "அனுமதி வந்துகொண்டிருக்கிறது" என்றால் வந்த பிறகு சேருங்கள்.

3. நான் சேரும் தேதியும் சான்றிதழில் வரும் தேதியும் ஒத்துப்போகுமா? மூன்று வருடப் படிப்பை ஒரு வருடத்தில் தருகிறேன் என்றால் பழைய தேதி போடப்போகிறார்கள் என்று அர்த்தம். அங்கே நீங்கள் ஏமாந்தவர் இல்லை, கூட்டாளி!

மலையில் இருக்கும் நமக்கு இது கூடுதல் கவலை. ஊட்டி அரசு கலைக் கல்லூரி 1955-இல் வந்தது. ஆனாலும் வேலைக்குப் போகிறவர்களுக்கும், பஸ்ஸை நம்பி இருக்கும் குந்தா பக்கத்துப் பிள்ளைகளுக்கும் அஞ்சல் வழிக் கல்விதான் கைகொடுத்தது, கொடுக்கிறது. அதைக் குறை சொல்லவில்லை. முறையான தொலைதூரப் பட்டம் நேரில் படித்த பட்டத்துக்குச் சமம்தான். நோட்டீஸ்காரர்கள் வலை வீசுவதும் அந்தத் தேவையைப் பார்த்துத்தான்.

அக்காவிடம் மூன்று கேள்விகளையும் எழுதிக் கொடுத்தேன். போன் போட்டாள். முதல் கேள்விக்கு "சேர்ந்த பிறகு சொல்றோம் மேடம்" என்றார்கள். இரண்டாவதற்கு "எல்லாம் கவர்ன்மென்ட் அப்ரூவ்டு மேடம்". எழுதித் தருவீர்களா என்று கேட்டதும் லைன் கட்!

பணம் பெரியப்பாவிடமே இருக்கிறது. ஆனால் அக்கா சந்தோஷமாக இல்லை. "அப்போ மூணு வருஷம் படிக்கணுமாடா? எனக்கு இப்பவே முப்பத்தொண்ணு" என்றாள். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. "படிக்காவிட்டாலும் மூணு வருஷம் கழிச்சு முப்பத்திநாலு ஆகத்தானே போகுது அக்கா" என்றேன். முறைத்தாள். அப்புறம் அனுமதி உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் விண்ணப்பத்தைப் பார்க்கச் சொன்னாள். பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி நோட்டீசோடு நின்றால் அந்த மூன்று கேள்விகளையும் கேட்கச் சொல்லுங்கள் நண்பர்களே. மீண்டும் சந்திப்போம்!