சிட்னி ஒலிம்பிக்கும் ஒரு வழக்கும்

உங்களில் பலர் கம்ப்யூட்டர் துறையில் இருக்கிறீர்கள். உங்கள் துறையின் வரலாற்றில் ஒரு பக்கத்தை இன்று சொல்கிறேன்.

ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ எச்டிஎம்எல்லை உருவாக்கியபோது, டேக் எனப்படும் அதன் குறிகள் பெரும்பாலும் 'இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல்' என்று சொல்வதற்கே இருந்தன. வணிகம் நுழைந்ததும் அழகு முந்திக்கொண்டது. தலைப்புக்கு உரிய டேக் போடாமல் எழுத்தை மட்டும் பெரிதாக்கினார்கள். சொற்களையே படமாக்கி ஒட்டினார்கள்.

பார்ப்பவருக்கு இதில் வித்தியாசம் தெரியாது. ஆனால் பார்வையற்றவர் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடர், பின்னால் உள்ள டேக்கை வைத்துத்தான் எது தலைப்பு என்று சொல்லும். கரும்பலகையில் தலைப்பைப் பெரிதாக எழுதிவிட்டு, வாய் திறக்காமல் நிற்கும் ஆசிரியரால் பார்வையற்ற மாணவனுக்கு என்ன பயன்?

ஆஸ்திரேலியாவில் புரூஸ் மகுவயர் என்பவர் பிறவியிலேயே பார்வையற்றவர். கம்ப்யூட்டரில் வருவதை பிரெய்லாக மாற்றித் தரும் கருவியைக் கொண்டு படிப்பவர். 2000 சிட்னி ஒலிம்பிக் இணையதளத்தில் பல படங்களுக்கு 'ஆல்ட்' எனப்படும் மாற்றுச் சொற்கள் இல்லை. விளையாட்டுகளின் பட்டியலுக்குப் போகவும், முடிவு அட்டவணைகளைப் படிக்கவும் தமக்கு வழியில்லை என்று 1999-ல் அந்நாட்டு மனித உரிமை ஆணையத்தில் அவர் புகார் செய்தார். படங்களுக்கு மாற்றுச் சொற்கள் வேண்டும் என்ற நெறிமுறையை டபிள்யூ3சி அமைப்பு அதே ஆண்டு மே மாதமே வெளியிட்டிருந்தது.

சரிசெய்ய அதிகச் செலவும் காலமும் ஆகும் என்றது ஒலிம்பிக் அமைப்புக் குழு. ஆணையம் அதை ஏற்கவில்லை. போட்டி தொடங்கும் நாளான 2000 செப்டம்பர் 15-க்குள் திருத்தச் சொன்னது. முழுமையாகத் திருத்தாததால், மகுவயருக்கு 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு தர வேண்டியதாயிற்று. ஆனால் போட்டிகள் முடிந்துவிட்டன. அந்த நாட்களை யார் திருப்பித் தர முடியும்?

முதலிலேயே சரியான டேக் போட்டிருந்தால் இந்த வேலையில் பெரும்பகுதி மிச்சம். தலைப்புக்குத் தலைப்பு டேக் போட்டால், ஸ்கிரீன் ரீடரில் ஒரே விசையால் தலைப்புக்குத் தலைப்பு தாவலாம். பட்டனை பட்டனாகவே எழுதினால் கீபோர்டிலும் அது இயங்கும். வண்ணப் பெட்டி வரைந்து அதற்கு பட்டன் வேஷம் போட்டால் தானாக இயங்காது.

பிள்ளைகளே, அடுத்த முறை ஒரு பக்கத்தை முடித்ததும், மவுஸைத் தொடாமல், ஸ்கிரீன் ரீடரைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறீர்களோ, அங்கே திருத்துங்கள்.