சூரியனின் தொலைவும் புதுச்சேரியின் மேகமும்

பூமியிலிருந்து சூரியன் ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. தொடக்கப் பள்ளியிலேயே நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த வரி இது. அண்மையில் ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள் இதை உரக்கப் படித்துவிட்டு, "அங்கே போய் யாருப்பா அளந்தாங்க?" என்று கேட்டாள். கல்லூரியில் இயற்பியல் நடத்தும் எனக்கு உடனே விடை சொல்ல வரவில்லை.

யாரும் அங்கே போகவில்லை. ஆனால் அந்த எண்ணுக்காகப் புதுச்சேரியை நாடி வந்து, பதினோரு ஆண்டுகளைச் செலவிட்டவர் ஒருவர் உண்டு.

கோள்களின் தொலைவுகளுக்கு இடையேயுள்ள விகிதத்தைத் தரும் விதியைக் கெப்ளர் 1619-இல் வெளியிட்டார். சூரியனிலிருந்து பூமி 100 பங்கு தொலைவில் இருந்தால் வெள்ளி 72 பங்கு தொலைவில் இருக்கும். ஆனால் ஒரு பங்கு என்பது எத்தனை மைல்? நம்பத்தகுந்த விடை இல்லை. அளவுகோல் குறிக்கப்படாத நிலப்படம் போலத்தான் அன்றைய வானியல் இருந்தது.

இதற்கு 1716-இல் ஹாலி ஒரு வழி கூறினார். கையை நீட்டிப் பெருவிரலை நிமிர்த்தி, முதலில் ஒரு கண்ணாலும் பிறகு மற்றொரு கண்ணாலும் பாருங்கள். பின்னாலுள்ள சுவரில் விரல் இடம் மாறித் தெரிகிறதல்லவா? விரலுக்குப் பதிலாக வெள்ளி, சுவருக்குப் பதிலாகச் சூரியன். இரு கண்களுக்குப் பதிலாகப் பூமியில் வெகு தொலைவில் அமைந்த இரண்டு ஊர்கள். வெள்ளி கரும்புள்ளியாகச் சூரியனின் முகத்தைக் கடக்கும் நாளில், அதற்கு ஆகும் நேரத்தை இரண்டு ஊர்களிலும் குறித்தால் போதும். அந்நேரங்களின் வேறுபாடு இடமாற்றத்தைக் காட்டிவிடும். நுண்ணிய கோணத்தை அளப்பதைவிட நேரத்தை அளப்பது எளிது. இதுவே ஹாலியின் நுட்பம். பின்னர் டெலீல் இதை மேலும் எளிதாக்கினார். ஊரின் தீர்க்கரேகை திருத்தமாகத் தெரிந்திருந்தால், வெள்ளி உள்ளே நுழையும் அல்லது வெளியேறும் கணம் ஒன்றைக் குறித்தாலே போதும் என்றார்.

ஆனால் இக்கடப்பு அடிக்கடி நிகழ்வதன்று. 1761-இலும் 1769-இலும் வந்தது. அதன்பின் 1874 வரை இல்லை.

பிரெஞ்சு வானியலர் லெ ஜான்டி 1760 மார்ச்சில் புதுச்சேரிக்குக் கப்பலேறினார். அப்போது ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் போர். மறு ஆண்டு மேற்குக் கடற்கரையை நெருங்கும்போதுதான் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்துவிட்ட செய்தி கிடைத்தது. கப்பல் திரும்பிவிட்டது. 1761 ஜூன் 6 அன்று வெள்ளி கடந்ததை அவர் நடுக்கடலில் கண்டார், நேரத்தையும் குறித்தார். பயன் என்ன? ஊசல் கடிகாரம் அசையாத தளத்தில்தான் சீராக ஓடும். ஆடும் கப்பலில் அதை நம்ப இயலாது. போதாக்குறைக்குக் கப்பல் இருந்த தீர்க்கரேகையும் திருத்தமாகத் தெரியாது.

நாம் என்றால் ஊர் திரும்பியிருப்போம். அவர் எட்டு ஆண்டுகள் காத்திருக்கத் துணிந்தார்! இடையில் மணிலாவுக்குச் சென்றார். அங்கு ஆளுநர் அவரைச் சந்தேகக் கண்ணுடன் பார்த்தார். 1768-இல், மீண்டும் பிரெஞ்சு வசமாகியிருந்த புதுச்சேரிக்கு வந்து, போரில் இடிந்த கட்டடத்தின் மேல் ஆய்வுக்கூடம் அமைத்தார். சென்னையிலிருந்த ஆங்கிலேயரே அவருக்கு ஒரு தொலைநோக்கியை அனுப்பி உதவினர் என்பது குறிப்பிடத்தக்கது.

காத்திருந்த நாட்களில் அவர் உள்ளூர்ப் பஞ்சாங்கக் கணிதத்தைக் கற்றார். சோழிகளை வைத்து, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டு கிரகணம் கணிக்கும் முறை அது. 1765 ஆகஸ்டு 30-ஆம் நாள் சந்திர கிரகணம் நீடித்த நேரத்தில் இம்முறை 41 விநாடிதான் பிழைத்தது. ஐரோப்பாவில் பெயர்பெற்ற மேயரின் அட்டவணையோ 68 விநாடி பிழைத்தது. ஒரே கிரகணத்தை வைத்து இரண்டில் எது உயர்ந்தது என்று முடிவுகட்டுவது சரியன்று. எனினும் ஒரு வெளிநாட்டு அறிஞர் உட்கார்ந்து கற்கத்தக்க கணிதம் நம் ஊர்த் திண்ணைகளில் இருந்தது என்பது உண்மை.

1769 மே மாதக் காலைகள் தெளிவாகவே இருந்தன. ஜூன் 4 விடிந்தபோது வானம் மூடிக்கொண்டது. வெள்ளி சூரியனை விட்டு வெளியேறிய நேரம் காலை ஏழு மணியளவில். அது முடிந்த சற்று நேரத்திற்கெல்லாம் சூரியன் பளிச்சென்று வந்து, பகல் முழுதும் காய்ந்தது! அவர் விட்டுவந்த மணிலாவில் அன்று காலை மேகமே இல்லையாம். இரண்டு வாரத்திற்கு மேல் அவரால் பேனாவைத் தொடவும் முடியவில்லை. 1771-இல் தாய்நாடு திரும்பியபோது, இறந்துவிட்டார் என்று கருதிய வாரிசுகள் அவர் சொத்தைப் பங்கிடுவதில் முனைந்திருந்தனர். அறிவியல் கழகத்தில் அவர் இடத்தில் வேறொருவர் அமர்ந்திருந்தார்.

தாகித்தித் தீவு, ஹட்சன் விரிகுடா போன்ற இடங்களில் மற்றவர்கள் எடுத்த குறிப்புகளைக் கொண்டு, அதே 1771-இல் ஹார்ன்ஸ்பி சூரியனின் தொலைவு 9,37,26,900 மைல் என்று கணித்தார். கிலோமீட்டரில் ஏறத்தாழ 15.08 கோடி. 1961-இல் வெள்ளிக்கு ரேடார் அலைகளை அனுப்பி எதிரொலி திரும்பும் நேரத்தை அளந்த பிறகு நமக்குத் தெரியவந்த தொலைவு 14.96 கோடி கிலோமீட்டர். பிழை நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இக்கணக்கில் புதுச்சேரியின் அளவீடு ஒன்றும் இடம்பெறவில்லை.

2012 ஜூன் 6 காலை நம் ஊரில் சூரியன் உதித்தபோதே வெள்ளி அதன் முகத்தில் இருந்தது. அடுத்த கடப்பு 2117 டிசம்பரில்.