வறட்சியில் பிரிஞ்ச புல்லட்



போன வாரம் மஞ்சள் மாதிரி எடுத்துக்கிட்டு ஈரோடு மண்டிக்குப் போயிருந்தேன். வண்டியை நிறுத்திட்டு உள்ளே போய்த் திரும்பி வந்தா, நாலு பேர் சுத்தி நிக்கிறாங்க. "ஏனுங்க, இது எந்த வருஷத்து புல்லட்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். எனக்கு ஒரே வரியில் பதில் சொல்ல வரவில்லை. சேசிஸும் கிராங்க் கேஸும் 1978. சிலிண்டர் எண்பதுகளில் வந்தது. கியர்பாக்ஸ் அதற்கும் பிந்தியது. டேங்க் எந்த வருஷம் என்று அதை விற்ற கடைக்காரருக்கே தெரியாது. எல்லாவற்றையும் எங்கள் தோட்டத்துச் சாளையில் வைத்து நான் கோத்தேன். கோக்க முடிந்ததற்கு என் கைத்திறமை காரணமில்லை. அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இன்றைக்கு எழுதுகிறேன்.

முதலில் வண்டி பிரிந்த கதை. அப்பா 1978-ல் புதுசாக வாங்கியது. பால் கேன், உர மூட்டை, விதைக் கரும்பு எல்லாம் அதில்தான் வரும். என் தங்கச்சி பிறக்க அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதும் அதில்தான். 2003 வறட்சி வந்தது. வாய்க்காலில் தண்ணி இல்லை, கிணறு காஞ்சு போச்சு. ரெண்டு போர் போட்டும் புகைதான் வந்தது. அந்த நேரம் பார்த்து வண்டி இன்ஜின் ஜாம் ஆகிவிட்டது. ஜாம் ஆன வண்டியை முழுசாக வாங்க ஆள் இல்லை. டவுன் மெக்கானிக் ஒருத்தர் பாகம் பாகமாக எடுத்துக்கிறேன் என்றார்.

ஒவ்வொரு பாகமும் எதற்காகப் போனது என்று எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. சிலிண்டரும் ஹெட்டும் போன காசில் மோட்டாருக்குக் காயில் கட்டினோம். கியர்பாக்ஸ், தங்கச்சியின் ஹாஸ்டல் ஃபீஸ். ரெண்டு சக்கரமும் டேங்க்கும் மாட்டுக்கு வைக்கோல். கடைசியில் சேசிஸும் கிராங்க் கேஸும்தான் மிச்சம். அது ரெண்டில்தான் நம்பர் அடித்திருக்கும். ஆர்.சி. புக் இல்லாமல் அதை யாரும் தொட மாட்டார்கள். ஆர்.சி. புக்கை அப்பா கொடுக்கவில்லை. நிலப் பத்திரத்தோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டார்.

பதினைந்து வருஷம் கழித்து, ஒரு மழைக்காலத்தில் வேலை இல்லாமல் இருந்தபோது, சாளையில் துருப்பிடித்துக் கிடந்த சேசிஸை வெளியே இழுத்துப் போட்டேன். அப்பா பார்த்தார். "பழைய குப்பையை எதுக்குடா கிளறுற?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

இனி வண்டியின் வரலாற்றுக்கு வருவோம்.

இங்கிலாந்தில் ரெட்டிச் என்று ஒரு ஊர். ஊசி செய்வதில் பேர் போன ஊர். அங்கே ஊசி செய்த பட்டறை ஒன்று சைக்கிள் செய்ய ஆரம்பித்து, பிறகு மோட்டார் சைக்கிளுக்கு வந்தது. அதுதான் ராயல் என்ஃபீல்டு. முதல் மோட்டார் சைக்கிள் 1901-ல். புல்லட் என்ற பெயர் 1932-ல். இன்று நாம் புல்லட் என்று சொல்லும் உருவம், அதாவது பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைத்த 350 சி.சி. வண்டி, 1940களின் கடைசியில் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு எல்லைக் காவலுக்கு இந்திய ராணுவம் தேர்ந்தெடுத்த வண்டி இதுதான்.

1955-ல் ரெட்டிச் கம்பெனியும் நம்ம சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தன. திருவொற்றியூரில் ஃபேக்டரி. ஆனால் முதலில் அங்கே வண்டி 'செய்ய'வில்லை. இங்கிலாந்திலிருந்து கப்பலில் பாகம் பாகமாக வரும், இங்கே கோப்பார்கள். 1956 முடிய அப்படிக் கோத்தது 163 வண்டி. நான் சாளையில் செய்ததும் அவர்கள் திருவொற்றியூரில் செய்ததும் ஒரே வேலைதான். அவர்களுக்குப் புதுப் பாகம், எனக்குப் பழைய பாகம், அவ்வளவுதான் வித்தியாசம்! அடுத்த வருஷமே பாகங்கள் செய்யும் அச்சுகளும் கருவிகளும் சென்னைக்கு வந்தன. கொஞ்சம் கொஞ்சமாக எல்லாப் பாகமும் இங்கேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள்.

அதற்குள் அங்கே நிலைமை மாறிவிட்டது. 1967-ல் ரெட்டிச் ஃபேக்டரி மூடியது. 1970-ல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு வண்டி செய்வதே நின்றது. தாய்க் கம்பெனி செத்துப் போச்சு, திருவொற்றியூர் மட்டும் அதே வண்டியைச் செய்துகொண்டே இருந்தது. 1977-ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆரம்பித்தது. அடுத்த வருஷம் அப்பா வாங்கினார்.

இங்கேதான் என் கதைக்கு வேண்டிய விஷயம் இருக்கிறது. 1950களில் வந்த அந்த டிசைனை அவர்கள் பெரிசாக மாற்றவே இல்லை. சிலிண்டர் 70 மில்லிமீட்டர் அகலம், பிஸ்டன் 90 மில்லிமீட்டர் ஏறி இறங்கும், மொத்தம் 346 சி.சி. பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் வண்டியில் இந்தக் கணக்கு கடைசி வரை அப்படியேதான். ஆறு வோல்ட் பன்னிரண்டு வோல்ட் ஆனது, அங்கங்கே சின்னச் சின்ன மாற்றம். மற்றபடி ஒரு வருஷத்துப் பாகம் இன்னொரு வருஷத்து வண்டியில் பெரும்பாலும் உட்காரும். சென்னை புதுப்பேட்டையில் வாங்கிய கியர்பாக்ஸை 1978 சேசிஸில் வைத்தேன். நாலு போல்ட்டும் ஓட்டையில் நேராக இறங்கியது. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சுங்க.

மாறாமல் இருந்தது நல்லதுதானா? கம்பெனிக்கு அது கஷ்டமாகத்தான் முடிந்தது. 1980-ல் டி.வி.எஸ். 50 வந்தது. எண்பதுகளின் நடுவில் ஜப்பான் கூட்டில் 100 சி.சி. வண்டிகள் வரிசையாக வந்தன. எண்ணெய் ஒழுகாது, உதைத்தால் காலைத் திருப்பி அடிக்காது, பெட்ரோலும் கம்மி. எங்கள் ஊரிலேயே புல்லட்டை விற்று அதை வாங்கியவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 1994-ல் ஐஷர் கம்பெனி என்ஃபீல்டு இந்தியாவை எடுத்துக்கொண்டது. பழைய இன்ஜினுக்குப் பதில் 2008-ல் புது இன்ஜின் வர ஆரம்பித்தது. இப்போது வரும் வண்டிகளில் பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, புகை கம்மி. ஆனால் அந்தப் பாகம் என் வண்டியில் சேராது.

சரி, பாகம் கிடைத்தால் போதுமா? போதாது என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பழைய புல்லட்டின் நட்டு போல்ட்டுகளில் பல இங்கிலீஷ் மரை. நம்ம டிராக்டர் டூல் பாக்ஸில் இருக்கும் மில்லிமீட்டர் ஸ்பேனர் சரியாகப் பிடிக்காது, மூலையைத் தேய்த்துவிடும். அவசரத்தில் கிராங்க் கேஸில் ஒரு மில்லிமீட்டர் போல்ட்டை அழுத்தித் திருகி, மரையைக் கெடுத்துவிட்டேன். நம்பர் அடித்த கிராங்க் கேஸ் அது! அது போனால் வண்டியே போச்சு. வேறு கேஸ் போட்டால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் மாற்ற வேண்டும். அது அப்பாவின் வண்டியாகவும் இருக்காது.

கோவையில் ஒரு லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எழுபது வயசு இருக்கும் அந்த ஐயாவுக்கு. வாங்கிப் பார்த்தார், திட்டினார். பிறகு ஓட்டையைப் பெரிசாக்கி, உள்ளே ஒரு புஷ் இறக்கி, பழைய மரையையே திரும்ப வெட்டிக் கொடுத்தார். சிலிண்டரையும் ஒரு சைஸ் போர் அடித்தார். கூலி கேட்டால், "ஸ்டார்ட் ஆனதும் கொண்டாந்து காட்டுங்க தம்பி, அப்ப வாங்கிக்கறேன்" என்றார்.

கோவையில் இப்படிப்பட்ட பட்டறைகள் தெருவுக்குத் தெரு இருப்பது சும்மா வந்ததில்லை. ஜி.டி. நாயுடு கதை நம்ம பக்கம் எல்லோருக்கும் தெரியும். கலங்கல் கிராமத்து விவசாயி வீட்டுப் பிள்ளை. ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் சர்வர் வேலை செய்து காசு சேர்த்து, அதையே விலைக்கு வாங்கினார். ஓட்டியதோடு விடாமல் முழுசாகப் பிரித்துப் பிரித்துக் கோத்துக் கற்றுக்கொண்டார். அவர்தான் 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டார். 1937-ல் இங்கேயே எலெக்ட்ரிக் மோட்டார் செய்ததிலும் அவர் பங்கு உண்டு. நம்ம கிணற்று மோட்டார்களின் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரு வண்டியைப் பிரித்துப் பார்த்த கை, ஊருக்கே தண்ணி இறைக்கும் மோட்டாரில் போய் முடிந்தது. பிரித்துப் பார்க்க முடிகிற இயந்திரம் இருந்தால்தான் அப்படி ஒரு கை உருவாகும் என்பது என் எண்ணம். 2020-க்குப் பிறகு வரும் வண்டிகளுக்கு ஸ்பேனருக்கு முன்னால் கம்ப்யூட்டரை மாட்ட வேண்டியிருக்கிறது. டிராக்டரும் அந்தப் பக்கம்தான் போகிறது.

எல்லாம் கோத்து முடிக்க எட்டு மாசம் ஆச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பெட்ரோல் ஊற்றி உதைக்க ஆரம்பித்தேன். இருபது உதை, முப்பது உதை. ஒருமுறை கிக்கர் திருப்பி அடித்ததில் கணுக்கால் வீங்கிவிட்டது. வண்டி மூச்சே விடவில்லை.

அப்பா சாளை வாசலில் வந்து நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியவில்லை.

"முரட்டுத்தனமா உதைச்சா அது வராது கண்ணு. முள்ளைப் பாரு."

ஹெட்லைட் மேலே இருக்கும் ஆம்ப் மீட்டரைக் காட்டினார். சாவியைப் போட்டு கிக்கரை மெதுவாக அமுக்கினால், முள் மைனஸ் பக்கம் போய், திரும்ப நடுவுக்கு வரும் ஒரு இடம் இருக்கு. பாயின்ட் திறக்கிறது, பிஸ்டன் மேலே வந்துவிட்டது என்று அர்த்தம். அங்கே நிறுத்தி, டீகம்ப்ரஷன் லிவரைப் பிடித்து, கிக்கரை ஒரு துளி தாண்டவிட வேண்டும். பிறகு லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே உதை. அப்பா சொன்னபடி செய்தேன். ரெண்டாவது உதையில் பிடித்துக்கொண்டது. கட்டுத்தறியில் இருந்த மாடு மிரண்டு கத்தியது.

அப்பா கிட்டே வந்து டேங்க்கைத் தடவினார்.

"இது நம்ம டேங்க் இல்ல. நம்மளுதுல இந்தப் பக்கம் ஒரு நசுங்கல் இருக்கும். உங்கம்மா பால் கேனைப் போட்டது." கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "டேங்க்கை மட்டுமாவது வச்சிருக்கலாம். வைக்கோல் வேற எங்கியாச்சும் கடனுக்குக் கேட்டிருக்கலாம்."

நான் வண்டியைக் கிளறியது அவருக்குக் கோபம் என்றுதான் அத்தனை மாசமும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. "அந்த வைக்கோல்லதானுங்கப்பா மாடு பொழைச்சது" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் ஏறி உட்கார்ந்தார். வாய்க்கால் மேடு வரை போய் வந்தோம்.

பிறகு வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி, பசுமை வரியும் தாமதத்துக்கான தொகையும் கட்டி, ரெஜிஸ்ட்ரேஷனைப் புதுப்பித்தோம். லேத் பட்டறை ஐயாவிடமும் கொண்டுபோய்க் காட்டினேன். கூலியை வாங்கிக்கொண்டார். ஒரு ரவுண்டும் ஓட்டினார்.

உங்க வீட்டிலும் சாளை மூலையில் ஒரு பழைய வண்டி கிடந்தால், எடைக்குப் போடறதுக்கு முன்னாடி ஆர்.சி. புக் இருக்கான்னு தேடிப் பாருங்க. சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் துருவைத் துடைச்சுட்டு அதோட ஒத்துப் பாருங்க. ரெண்டும் சரியா இருந்தா மற்றதெல்லாம் தேடிக்கலாம். வீட்டுப் பெரியவங்க இருந்தா, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. கணுக்காலாவது மிஞ்சும்.