மூக்கறுப்புப் போரும் மூக்கு ஒட்டு மருத்துவமும்

வெட்டுண்ட மூக்கையோ நோயால் அழிந்த மூக்கையோ நோயாளியின் சொந்தத் தோலைக் கொண்டே திரும்ப அமைக்கும் அறுவை முறை மூக்கு ஒட்டு மருத்துவம். சுசுருத சம்ஹிதை இதை விவரிக்கிறது. இலை ஒன்றால் மூக்கின் அளவெடுத்து, அதே அளவுக்குக் கன்னத்துத் தோலை அடி அறாமல் உரித்துப் பொருத்த வேண்டும். மூச்சு விட ஆமணக்குத் தண்டுக் குழல்கள் இரண்டைச் செருக வேண்டும். நூலின் காலம் கி.மு. 600 முதல் கி.பி. முதல் சில நூற்றாண்டுகள் வரை பலவாறு கணிக்கப்படுகிறது.

மூக்கை அறுப்பது பழங்காலத் தண்டனைகளுள் ஒன்று. அவமானப்பட்டவனை 'மூக்கறுபட்டான்' என்று தமிழில் இன்றும் சொல்வதுண்டு. மதுரை மன்னர் திருமலை நாயக்கர் ஆட்சியின் (1623–1659) இறுதியில் மைசூர் அரசர் கண்டீரவ நரசராசரின் படை மதுரை நாட்டுக்குள் புகுந்து, அகப்பட்டோரின் மூக்கையும் மேலுதட்டையும் அறுத்து மூட்டை கட்டி அனுப்பியதாக ஏசுசபைக் கடிதங்கள் கூறுகின்றன. இராமநாதபுரத்து ரகுநாத சேதுபதியின் துணையோடு மதுரைப் படை அதே முறையில் பழிதீர்த்தது. போர் நடந்த ஆண்டு குறித்து ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. மைசூர் அரசரின் மூக்கே அறுபட்டது என்ற செய்தியைப் பலர் ஏற்பதில்லை.

அடுத்த நூற்றாண்டில் திண்டுக்கல் சீமை மைசூரின் கைக்குப் போனது. மூன்றாம் மைசூர்ப் போரில் (1790–1792) ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி திண்டுக்கல்லைப் பிடித்தது. 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கை அதை உறுதிசெய்தது. திண்டுக்கல்லைக் கம்பெனியின் ஆட்சிக்குள் கொண்டுவந்த இப்போரே மூக்கு ஒட்டு மருத்துவத்தை உலகறியச் செய்தது.

காவாஸ்ஜி என்பவர் கம்பெனிப் படையில் மாடோட்டியாக இருந்த மராட்டியர். மைசூரின் திப்பு சுல்தான் படையிடம் சிக்கி மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின், புனேக்கு அருகில் செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் புது மூக்கு வைத்தார். பம்பாய் மாகாண மருத்துவர் இருவர் அதை நேரில் பார்த்தனர். மெழுகுத் தகட்டை மூக்கின் அடிப்பகுதியில் பதித்து உருவெடுத்து, அதை நெற்றியில் விரித்துக் கோடு வரைந்தார் வைத்தியர். கோட்டின் வழியே தோலை உரித்து, இரு கண்களுக்கு நடுவே ஒரு சிறு பட்டையை மட்டும் அறுக்காமல் விட்டார். அதன் வழியாகவே புதுத் தோலுக்கு இரத்தம் பாய்ந்தது. தோலைத் திருப்பி இறக்கி, மூக்கைச் சுற்றிக் கீறிய பள்ளத்தில் பொருத்தினார். தையல் போடவில்லை. நீரில் குழைத்த காசுக்கட்டியைத் துணிப்பட்டைகளில் தடவி, ஐந்தாறு பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினார். நான்கு நாளுக்குப் பின் அவற்றை எடுத்துவிட்டு நெய்யில் நனைத்த துணியை இட்டார். பத்தாம் நாள் நாசித் துளைகளில் மென்துணி திணிக்கப்பட்டது. ஏறக்குறைய இருபத்தைந்தாம் நாள் கண்ணிடைப் பட்டை அறுக்கப்பட்டது. வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டியும் அடுப்படி நெய்யும் இந்த நுட்பமான சிகிச்சைக்குப் போதுமானவையாக இருந்தன.

1794 அக்டோபரில் லண்டனின் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதைப் படத்துடன் வெளியிட்டது. 'பி.எல்.' என்று ஒப்பமிட்டவர் யார் என்பது இன்னும் விவாதத்தில் உள்ளது. சென்னையில் இருந்த மருத்துவர் லூக்காஸ் என்பது ஒரு கருத்து. நோயாளியின் பெயரைத் தந்த அக்கட்டுரை வைத்தியரின் பெயரைத் தரவில்லை.

ஆங்கில அறுவை மருத்துவர் ஜோசப் கார்ப்யூ இம்முறையைப் பிணங்களில் பழகிப் பார்த்து, 1814இல் லண்டனில் படை அதிகாரி ஒருவருக்குச் செய்தார். அவருடைய இரண்டாவது நோயாளி போரில் மூக்கு வெட்டுண்டவர். இவ்விரு சிகிச்சைகளையும் விவரிக்கும் அவரது நூல் 1816இல் வெளிவந்தது. முதல் உலகப்போரில் முகம் சிதைந்த வீரர்களுக்கு அறுவை மருத்துவர் ஹெரால்டு கில்லீஸ் நெற்றித் தோல் ஒட்டையும் பயன்படுத்தினார்.

தமிழகத்தில் இன்று விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றால் சிதைந்த உறுப்புகளை ஒட்டறுவைத் துறைகள் சீரமைக்கின்றன. நெற்றித் தோலால் மூக்கு அமைப்பதற்கு மருத்துவ நூல்களில் 'இந்திய முறை' என்ற பெயரே வழங்குகிறது.