மொரிஸ் மைனருக்குள் வந்த ஜப்பான் எஞ்சின்: 73 மில்லிமீற்றரின் வரலாறு

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரையான கரையோர ஊர்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய மொரிஸ் மைனர் ஒன்றின் பொனட்டைத் திறந்தால், உள்ளே மொரிஸ் எஞ்சின்தான் இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. இலங்கை முழுவதற்கும் இது பொருந்தும். மைனர் ஒன்று விலைக்கு வந்தால் வாங்குபவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, “ஒரிஜினல் எஞ்சினா, நிசான் போட்டதா?” என்பது. நிசான் என்றால் பெரும்பாலும் ஏ12. சிலவற்றில் ஏ14 அல்லது ஏ15 இருக்கும். டொயோட்டாவின் 4கே, 5கே எஞ்சின்கள் ஏறியவையும் உண்டு.

இந்த மாற்றத்தைப் பற்றி இரண்டு பேச்சுகள் உள்ளன. பழைய கார்களை அப்படியே பேண விரும்புவோர், “இங்கிலீஷ் காரைக் கெடுத்துவிட்டார்கள்” என்பார்கள். கராஜ்காரர்கள், “ஜப்பான் சாமான், இனிப் பயமில்லை” என்பார்கள். இரு தரப்பும் ஒன்றில் ஒத்துப்போகின்றன: ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு பொருள்கள் இங்கே ஒட்டவைக்கப்பட்டுள்ளன என்பதே இருவரது எண்ணமும். இந்த எண்ணம் தவறு. மைனருக்குள் வந்த நிசான் எஞ்சின் இங்கிலாந்து மரபின் வழிவந்தது. மைனரோ பிறந்த நாளிலிருந்தே எஞ்சின் மாறி மாறி வளர்ந்த கார். இந்த இரண்டையும் அளவுகளை வைத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொழிற்சாலையே தொடங்கிய மாற்றம்

மொரிஸ் மைனர் 1948 ஒக்டோபரில் லண்டன் மோட்டார் கண்காட்சியில் வெளிவந்தது. வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். சிலிண்டர்கள் இரண்டிரண்டாக எதிரெதிரே படுத்திருக்கும் தட்டையான எஞ்சினை மனத்தில் வைத்தே அவர் காரின் முன்பகுதியை வரைந்தார். அந்த எஞ்சின் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக, போருக்கு முந்திய மொரிஸ் எய்ட் காரின் வழியில் வந்த 918 சிசி பக்க வால்வு எஞ்சினைப் பொருத்தினார்கள். அதன் வலு 27.5 குதிரைவலு. ஆனால் தட்டை எஞ்சினுக்காக அகலமாக விட்ட இடம் அகலமாகவே இருந்துவிட்டது. ஒடுக்கமான எஞ்சினின் இரு பக்கமும் கை நுழைத்து வேலை செய்யும் அளவுக்கு வெறுமை. நாற்பது வருடம் கழித்து வேறு நாட்டு எஞ்சினை இறக்கிய நமது மெக்கானிக்குகளுக்கு வழிவிட்டது இந்த வெறுமைதான்.

1952இல் ஒஸ்ரினும் மொரிஸும் ஒரே நிறுவனமாக இணைந்தன. உடனே மைனருக்குள் ஒஸ்ரினின் ஏ வரிசை எஞ்சின் வந்தது. அது 803 சிசி மட்டுமே, பழையதைவிடச் சிறியது. இருந்தும் வால்வுகள் மேலே இருந்ததால் 30 குதிரைவலு கொடுத்தது. எஞ்சினின் கொள்ளளவு வேறு, அது தரும் வலு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை. 1956இல் 948 சிசி, 37 குதிரைவலு. 1962இல் 1098 சிசி, 48 குதிரைவலு. பதினான்கு வருடத்தில் ஒரே உடம்புக்குள் நான்கு எஞ்சின்கள்.

1962இல் எஞ்சினோடு வேறு இரண்டும் மாறின. பின் அச்சின் பற்சக்கர விகிதம் 4.55இலிருந்து 4.22 ஆனது. முன் சக்கர பிரேக் ட்ரம் ஏழு அங்குலத்திலிருந்து எட்டு அங்குலமாக வளர்ந்தது. பதினொரு குதிரைவலு கூடியதற்கே தொழிற்சாலை பிரேக்கைப் பெரிதாக்கியது. இந்தச் செய்தியை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும். பின்னால் தேவைப்படும்.

ஒஸ்ரினிடம் நிசான் படித்த பாடம்

1952 டிசம்பரில் ஜப்பானின் நிசான் நிறுவனம் ஒஸ்ரினோடு ஏழு வருட ஒப்பந்தம் செய்தது. முதலில் ஏ40 சமர்செட், அடுத்து ஏ50 கேம்பிரிட்ஜ் ஜப்பானில் தயாராகின. தொடக்கத்தில் பாகங்கள் கப்பலில் வந்தன. சில வருடங்களிலேயே எல்லாப் பாகங்களையும் நிசான் சொந்தமாக வார்த்துக் கடையக் கற்றுக்கொண்டது.

கேம்பிரிட்ஜின் எஞ்சின் 1489 சிசி. அதன் சிலிண்டர் விட்டம் இரண்டே முக்கால் அங்குலத்தோடு இன்னும் எட்டில் ஒரு அங்குலம், அதாவது 73.025 மில்லிமீற்றர். பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம் மூன்றரை அங்குலம், 88.9 மில்லிமீற்றர். நிசானுக்குச் சொந்தமாக ஒரு சிறு காருக்கு எஞ்சின் தேவைப்பட்டபோது, அமெரிக்காவின் வில்லிஸ் ஓவர்லாண்டில் வேலை பார்த்த டொனால்ட் ஸ்டோன் என்ற பொறியியலாளர் ஆலோசகராக இருந்தார். புதிய எஞ்சின் வேண்டாம், கையிலுள்ள ஒஸ்ரின் எஞ்சினின் ஓட்டத்தை மட்டும் குறையுங்கள், இயந்திரங்களை மாற்றாமலே தயாரிக்கலாம் என்றார் அவர். ஓட்டத்தை 59 மில்லிமீற்றர் ஆக்கினார்கள். விட்டம் 73 ஆகவே நின்றது. கணக்குப் போட்டால் 988 சிசி வரும். 1957இல் வந்த டட்சன் 1000 காரை இழுத்தது இதுதான். ஜப்பானில் இதனை ஸ்டோன் எஞ்சின் என்றே அழைத்தார்கள்.

1966இல் நிசானின் சனி கார் பிறந்தது. அதற்கென்று வரைந்த ஏ10 எஞ்சின் புதியது. தலைப்பகுதி அலுமினியம், எடை குறைவு. ஆனால் அளவைப் பாருங்கள்: விட்டம் 73, ஓட்டம் 59, கொள்ளளவு அதே 988. அடுத்து வந்த ஏ12இல் ஓட்டம் 70 ஆகி, கொள்ளளவு 1171 சிசி ஆனது. விட்டம் அப்போதும் 73தான்.

ஏ12ஐ ஒஸ்ரின் எஞ்சினின் நகல் என்று சொன்னால் அது பிழை. ஒஸ்ரினின் ஏ வரிசையில் கிராங்க் தண்டை மூன்று பெயாரிங்குகள் தாங்கின, ஏ12இல் ஐந்து தாங்குகின்றன. ஒஸ்ரினில் இரண்டு சிலிண்டர்களுக்கு ஒரே காற்றுவாசல், நிசானில் ஒவ்வொன்றுக்கும் தனி வாசல். மாணவர் ஆசானை மிஞ்சிய இடங்கள் இவை. ஆயினும் அங்குலக் கணக்கில் பிறந்த ஒரு விட்டம், மில்லிமீற்றர் நாட்டில் பல வருடம் மாறாமல் இருந்ததை நான் ஒரு சாசனச் சான்றாகவே பார்க்கிறேன். எழுத்து அழிந்த கல்வெட்டில் எஞ்சிய ஒரு சொல்லைப் போல, அது வழியைக் காட்டுகிறது.

இலங்கையில் ஏன் நடந்தது

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1970களின் முற்பகுதியில் அது இன்னும் கடினமானது. அதற்கு முன்னர் வந்திறங்கிய மைனர்களும் கேம்பிரிட்ஜ்களும் ஹில்மன்களும்தான் இருப்பு. அவற்றைத் தேயத் தேயப் பழுதுபார்த்தே ஓட்டினார்கள். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் ஜப்பான் வாகனங்கள் வந்து குவிந்தன. சில வருடத்தில் விபத்தில் நொறுங்கியவை, துருப்பிடித்தவை உடைக்கப்பட்டன. உடம்பு போனாலும் எஞ்சின் நல்லதாக இருந்தது. மறுபக்கம், மைனரின் உடம்பு நல்லதாக இருந்தது, எஞ்சின் தேய்ந்துவிட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் பெரிய ஆராய்ச்சி தேவைப்படவில்லை.

நமது கரைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ரயில் தண்டவாளம் மட்டக்களப்போடு முடிகிறது. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை ஆட்கள் கண்டிக்கும் கொழும்புக்கும் போக வீதியே வழி. அம்பாறை, மகாஓயா தாண்டி மகியங்கனையை விட்டதும் பதினெட்டு வளைவு ஏற்றம் தொடங்கும். வாப்பா, உம்மா, பிள்ளைகள், மேலே பெட்டி என்று நிறைந்த 948 சிசி மைனர் அந்த ஏற்றத்தில் முதல் கியருக்கு இறங்கி, ரேடியேட்டர் கொதித்து, ஓரத்தில் நின்றுவிடும். கரையில் ஓட்டப் பழைய எஞ்சின் போதும், மலைக்கு ஏறத்தான் போதாது.

யாழ்ப்பாணத்தில் இதற்கு நேர்மாறு நடந்தது. 1990க்குப் பிந்திய தடைக்காலத்தில் அங்கே பெற்றோல் இல்லை. சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அழுத்தம் குறைந்த பழைய ஒஸ்ரின், மொரிஸ் எஞ்சின்கள் அதைத் தாங்கின. அதனால் அங்கே பழைய எஞ்சினுக்கே மதிப்பு இருந்தது.

இந்தியாவில் இதே வேலையைத் தொழிற்சாலைகள் செய்தன. 1985இல் பம்பாயின் பிரீமியர் நிறுவனம் ஃபியட் 124இன் உடம்புக்குள் நிசான் ஏ12ஐ வைத்து 118என்இ காரை விற்றது. நமது கராஜ்கள் மைனருக்குள் இறக்கிய அதே எஞ்சின். மொரிஸ் ஒக்ஸ்ஃபோர்டின் வழிவந்த அம்பாசடருக்கு 1992இல் இசுசுவின் 1817 சிசி எஞ்சின் வந்தது. அந்த இசுசுவும் 1953 முதல் ஹில்மன் மிங்ஸைத் தயாரித்துக் கார்த்தொழில் கற்ற நிறுவனம்தான்.

கராஜில் நடப்பது

எஞ்சினை மட்டும் தனியே இறக்குவதில்லை. நிசான் எஞ்சினின் பின்முகம் மொரிஸ் கியர் பெட்டியோடு பொருந்தாது. ஆகவே கியர் பெட்டியும் சேர்ந்தே வரும். மைனரின் அடியில் குறுக்கே ஓடும் தாங்கியை வெட்டி, புதிய பிராக்கெட் வெல்டிங் செய்வார்கள். எஞ்சின் உட்காரும் இடத்துக்கு இரு பக்கமும் தகடு வெட்டிப் பொருத்துவார்கள். கியர் கம்பி வேறு இடத்தில் வந்து நிற்பதால் தரையின் நடு மேட்டில் புதிய துளை வேண்டும். புரொப்பெலர் தண்டின் முன்முனை சனியுடையது, பின்முனை மொரிஸுடையது. லேத்துக்காரர் இரண்டையும் அளந்து வெட்டி ஒன்றாக்கித் தருவார். அவர் கை ஒரு மயிரிழை தவறினாலும் வேகம் எடுத்ததும் காரே நடுங்கும். மின்சாரத்திலும் மாற்றம் உண்டு. மொரிஸில் பற்றரியின் நேர்முனை உடம்போடு இணைந்திருக்கும், ஜப்பான் காரில் எதிர்முனை. வயரிங்கைத் திருப்பாமல் விட்டால் ஒல்ட்டர்னேற்றர் எரியும்.

வரைபடம் எதுவும் இல்லாமல், கண்ணாலும் கைச்சாணாலும் அளந்து இதைச் செய்தவர்களை நான் பொறியியலாளர்கள் என்றே சொல்வேன்.

1981இல் சனி முன்சக்கர இழுவைக்கு மாறியதும் இந்த எஞ்சின் வரவுக்கு ஒரு வாசல் மூடியது. குறுக்கே படுத்த எஞ்சினை மைனருக்குள் நேராக நிறுத்த முடியாது. பிறகு வேன்களிலும் சிறிய சனி லொறிகளிலும் தேடினார்கள்.

இந்த வேலையில் எனக்கு உறுத்துவது ஒன்றே. எஞ்சின் மாறியது, பிரேக் பல கார்களில் மாறவில்லை. 60 கிலோமீற்றர் வேகத்தை 80 ஆக்கினால், நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் முக்கால் பங்குக்கும் அதிகமாகக் கூடுகிறது. ஏழு அங்குல ட்ரம் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. மைனரின் பிரேக் எண்ணெய்ச் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. விரிப்பைத் தூக்கினால்தான் தெரியும். தூக்காதவர்களே அதிகம். முன் சக்கரத்தின் கீழ்மூட்டு கிரீஸ் இல்லாமல் தேய்ந்தால் சக்கரமே மடிந்துவிடும். உப்புக்காற்று வீசும் இந்தக் கரையில் அது விரைவாகத் தேயும். கல்முனையிலிருந்து நிந்தவூர் வரை ஏ4 வீதியின் இரு மருங்கும் வீடும் கடையும் பள்ளிக்கூடமும்தான். ஜும்ஆ முடிந்து சனம் வீதியில் இறங்கும் நேரத்தில் எஞ்சினின் வலு யாருக்கும் உதவாது, பிரேக்தான் உதவும். முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் பொருத்தும் வழக்கம் உலகெங்கும் மைனர் வைத்திருப்போரிடம் உண்டு. இங்கும் அது எஞ்சின் வேலையின் ஒரு பாகமாகவே கணக்கிடப்பட வேண்டும்.

இந்த வரலாற்றுக்கு மூலச்சான்று வாகனப் பதிவுப் புத்தகம். எஞ்சின் இலக்கம், சஸி இலக்கம், கொள்ளளவு எல்லாம் அதில் இருக்கும். மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவைத் திருத்த வேண்டும். திருத்தாமல் விட்ட கார்களில் புத்தகம் ஒன்றும் பொனட்டுக்குள் வேறொன்றுமாக இருக்கும். விபத்து நடந்து காப்புறுதி கேட்டுப் போகும்போதுதான் அதன் விலை தெரியும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் உயிர்களோடு எத்தனையோ வீட்டுப் பத்திரங்களையும் கொண்டுபோனது. மிஞ்சிய புத்தகங்கள் கொஞ்சம். எஞ்சினை இறக்கிய கைகள் முதுமையடைந்துவிட்டன.

வீட்டில் ஒரு பழைய மைனரோ கேம்பிரிட்ஜோ நிற்குமானால், இந்த வாரம் அதன் பதிவுப் புத்தகத்தை எடுத்து எஞ்சின் இலக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து வையுங்கள். எந்தக் காரிலிருந்து எஞ்சின் வந்தது, எந்த வருடம், யார் இறக்கினார் என்று அந்த மெக்கானிக்கிடமே கேட்டு எழுதுங்கள். பிறகு விரிப்பைத் தூக்கி பிரேக் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள்.