ஜாடியும் வாசிப்பவரும்

சுருட்டைக் கண்ணாடி ஜாடியிலோ பீங்கான் ஜாடியிலோ இட்டு, இறுக மூடி, ஆண்டுக்கணக்கில் முதிரவிடுவது மேட்டுக்குடி ரசனையாகவே பேசப்பட்டு வருகிறது. செய்முறை நம்மூர் ஊறுகாய் ஜாடி மாதிரிதான். மூடி இறுக்கமாக இருந்தால் ஈரம் தங்கும். இலைக்குள் மிச்சமிருக்கும் நொதித்தல் மெல்ல நடக்கும். அவ்வப்போது திறந்தால் அம்மோனியா நெடி போய்க் காரம் அடங்கும். கண்ணாடி என்றால் வெளிச்சம் படக் கூடாது. பீங்கானுக்கு அந்தக் கவலை இல்லை.

ஆனால் முதிர்ச்சியின் கணக்கு, ஜாடியை வாங்கியவர் வீட்டில் தொடங்குவதில்லை. கியூபாவில் இலையைக் கொட்டகையில் தொங்கவிட்டு, குவித்துப் புழுங்கவைத்து, நரம்பு கிழித்து, சுருட்டியவர்களின் காலம் அது. ஹவானாவின் எல் ஃபிகாரோ ஆலையில் 1865இல் ஒரு வழக்கம் தொடங்கியது: கைகள் சுருட்டும், ஒருவர் உரக்க வாசிப்பார். அவருக்குக் காசு கொடுத்தது யார்? முதலாளியா? இல்லை, தொழிலாளிகளே தம் கூலியிலிருந்து போட்டார்கள்.

1866 மே மாதம் காலனிய அரசு தடைபோட்டது. வாசிப்பு கவனத்தைச் சிதறடிக்கிறதாம். வேலைக்குச் சம்பந்தமில்லாத விவாதமும் கூடாதாம். அடிமைமுறை 1886 வரை நீடித்த தீவு அது. ஆனாலும் வாசிப்பு திரும்பி வந்தது. கியூபத் தொழிலாளிகளோடு கடல் கடந்து ஃப்ளோரிடாவின் டாம்பாவுக்கும் போனது. அங்கே 1931இல் முதலாளிகள் வாசிப்பவரை வெளியேற்றினார்கள். அவர் இடத்துக்கு வானொலி வந்தது.

கண்ணாடி ஜாடி சுருட்டைக் காட்டுகிறது, கையைக் காட்டுவதில்லை. பழசாக ஆக விலை ஏறுகிறது. ஏறிய விலையில் சுருட்டியவருக்குப் பங்கு உண்டா?